மாடி அறையில் ஒரு பேய்க்கணவாய்

என் வேலையே தண்ணீரை முறைத்துப் பார்ப்பதுதான். ஒரகடத்தில், ஏசிக்கு வேண்டிய செம்புக் குழாய்களை வளைத்துப் பற்றவைக்கும் ஒரு கம்பெனியில் லீக் டெஸ்ட் பார்க்கிறேன். குழாயின் இரண்டு முனைகளையும் அடைத்து, உள்ளே காற்றை ஏற்றி, தண்ணீர்த் தொட்டிக்குள் முக்க வேண்டும். எங்கேயாவது ஒரு குமிழி கிளம்பினால் சிவப்பு ஸ்டிக்கர். கிளம்பாவிட்டால் அடுத்த குழாய். பதினாறு வருஷமாக இதே பார்வைதான். வெறும் தண்ணீரையே இத்தனை வருஷம் பார்த்தவளுக்கு, அதற்குள் உயிரோடு ஒன்றை விட்டுப் பார்த்தால் என்ன என்று தோன்றுவது சகஜம். ஆனால் தங்கமீன் தோன்றாமல் ஆக்டோபஸ் தோன்றியதற்குக் காரணம் வேறு.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை நானும் வீட்டுக்காரரும் கோவளத்துக்கு மீன் வாங்கப் போயிருந்தோம். கரையில் ஒருவர் வலையிலிருந்து நண்டைப் பிரித்துக்கொண்டிருந்தார். அவர் பக்கத்தில் இருந்த கூடையிலிருந்து, உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பழுப்பு நிறப் பிராணி வெளியே வந்துகொண்டிருந்தது. தப்பித்து ஓடுகிற அவசரமே அதனிடம் இல்லை. ஒரு கை கூடையின் விளிம்பைத் தடவியது. இன்னொரு கை மணலைத் தொட்டுவிட்டுப் பின்வாங்கியது. நான் குனிந்து விரலை நீட்டினேன். அது என் சுண்டுவிரலைச் சுற்றிப் பிடித்தது. கைக்கு அடியில் இருந்த சின்னச் சின்னக் கிண்ணங்கள் ஒவ்வொன்றாக ஒட்டின, விட்டன, மறுபடி ஒட்டின. கடிக்கவில்லை, தள்ளவில்லை. நான் என்ன பொருள் என்று விசாரித்துக்கொண்டிருந்தது. அவ்வளவு பொறுமையாக அதுவரை என்னை யாரும் விசாரித்ததில்லை.

“பேய்க்கணவாய்மா அது, கைய எடு. இங்க யாரும் துன்ன மாட்டாங்க. ஏத்துமதிக்காரன் வந்தா வாங்கிக்குவான்” என்றார் அந்த மீன்காரர்.

“வூட்ல வளக்க முடியுமாண்ணா?”

அவர் என்னைப் பார்த்தார். பிறகு பக்கத்துப் படகுக்காரர்களைப் பார்த்துக் கத்தினார். “டேய், இந்தக்கா பேய வளக்கப் போவுதாம்டா!”

கரையே சிரித்தது. எனக்கு ஒரு கெட்ட குணம் உண்டு. யாராவது சிரித்துவிட்டால் அந்தக் காரியத்தைச் செய்து முடிக்காமல் விடமாட்டேன். ஸ்கூட்டி ஓட்டக் கற்றது அப்படித்தான். கல்யாணமும் பாதி அப்படித்தான். திரும்பி வரும்போது வண்டியில் வஞ்சிரம் இருந்தது. என் சுண்டுவிரலில் வட்ட வட்டமாக இரண்டு மூன்று சிவப்புத் தடம் இருந்தது. படப்பை வருவதற்குள் அது மறைந்துவிட்டது. எனக்கு அது மறைந்தது பிடிக்கவில்லை.

என் வீட்டுக்காரர் ஏசி, ஃபிரிட்ஜ் மெக்கானிக். மண்ணூர்க்காரர். ஒரு மாருதி வேனில் சாமான்களைப் போட்டுக்கொண்டு, இந்தப் பக்கத்துக் கம்பெனி கேண்டீன்களுக்கும் ஆபீஸ்களுக்கும் சர்வீஸ் செய்துகொண்டிருப்பவர். நான் எதைச் சொன்னாலும் முதலில் “உனக்கு மெண்டலா?” என்பார். அரை மணி நேரம் கழித்து அளவெடுக்க டேப்போடு வந்து நிற்பார். இந்தத் தடவையும் அதேதான் நடந்தது.

நாங்கள் சேரப்பணஞ்சேரியில் ஒரு மாடி வீட்டில் வாடகைக்கு இருக்கிறோம். கீழே ஹவுஸ் ஓனர் அக்கா தனியாக இருக்கிறார். நிலத்தில் நாற்று நட்ட கை. கம்பெனிகளுக்கு நிலம் போன பிறகு அந்தக் கைக்கு வேலை இல்லாமல், வாடகைக்கு வந்தவர்களை மேய்ப்பதே தொழிலாகிவிட்டது. நான்கு அடி நீளக் கண்ணாடித் தொட்டி மாடிப்படி ஏறுவதைப் பார்த்ததும் இடுப்பில் கை வைத்துக்கொண்டு வந்து நின்றார்.

“ஏம்மா, இம்மாந்தண்ணிய மேல வெச்சா ஸ்லாப்பு தாங்குமா? ராவுல இடிஞ்சி என் தலமேல வுழுந்தா யாரு பதில் சொல்றது?”

“செவுத்து ஓரமா, பீம் மேலதாங்க்கா வெக்கிறோம்.”

“இன்னா மீனு வுடப்போற?”

சொன்னேன். அக்காவுக்குப் புரியவில்லை. போனில் படம் காட்டினேன். “தூ” என்று துப்பிவிட்டு இறங்கிப் போய்விட்டார். அன்றிலிருந்து ஒரு வாரம் என்னோடு பேசவில்லை.

ஆக்டோபஸ் வளர்க்க முதலில் ஆக்டோபஸ் வேண்டியதில்லை. முதலில் வேண்டியது தண்ணீர், அதன் பிறகு பொறுமை. இரண்டாவது என்னிடம் எப்போதும் குறைவு. கோவளத்திலிருந்து இருபது லிட்டர் கேன்களில் கடல் தண்ணீர் கொண்டுவந்தோம். மினரல் வாட்டர் போடுகிறவர்கள் எதிரே வந்தால் என்னைப் போட்டியாளராக நினைத்துப் பார்ப்பார்கள். கொளத்தூரில் வளர்ப்பு மீன் விற்கிற கடைக்காரர்தான் எனக்கு வாத்தியார். போனில் வீடியோ பார்த்து நான் பாதி புரிந்துகொண்டதை அவர் முழுசாகச் சொல்லித் தருவார்.

“தண்ணி பழுக்கணும் மேடம்” என்றார். “தொட்டிக்குள்ள ஒரு எறாலப் போட்டு அழுக வுடுங்க. அதுல வர்ற விஷத்தத் துன்றதுக்குக் கண்ணுக்குத் தெரியாத ஜீவன் உண்டாவும். அது உண்டானப்புறம்தான் நீங்க மீனையே நெனைக்கணும்.”

இறாலைப் போட்டேன். அழுகியது. வீடு முழுக்க நாற்றம். அக்கா பேசாமல் இருந்த விரதத்தைக் கலைத்துவிட்டு மேலே வந்து திட்டினார். நான் தினமும் ஷிஃப்ட் முடிந்து வந்து சோதனைக் குப்பியில் தண்ணீர் எடுத்துச் சொட்டு மருந்து விட்டு நிறம் பார்த்தேன். பச்சை என்றால் விஷம் இருக்கிறது, மஞ்சள் என்றால் தீர்ந்துவிட்டது. முதலில் அடர் பச்சை. பத்து நாள் அப்படியே நின்றது. பிறகு ஒரு நாள் கொஞ்சம் வெளுத்தது. பிறகு மஞ்சள். மஞ்சள் வந்த அன்று ஆயுதபூஜைக்கு வீட்டைக் கழுவியவள் மாதிரி எனக்கு ஒரு திருப்தி. கண்ணுக்கே தெரியாத எதுவோ உண்டாகி, தின்று, வேலை செய்துகொண்டிருக்கிறது. நாலு பேர் வேலை பார்க்கும் லைனில்கூட அவ்வளவு ஒழுங்கு கிடையாது.

ஆக்டோபஸுக்கு எலும்பில்லை. வாயிலிருக்கும் கெட்டியான அலகு நுழைகிற ஓட்டையில் உடம்பு மொத்தமும் நுழைந்துவிடும் என்று படித்திருந்தேன். அதனால் மூடி என் பொறுப்பு. மூடியின் விளிம்பெல்லாம் ஸ்பாஞ்ச் ஒட்டி, எட்டு கிளிப் போட்டு, ஒயர் போகிற துளையை வலைத்துணியால் அடைத்து, என் சுண்டுவிரல் நகம் நுழைகிறதா என்று அங்குலம் அங்குலமாகச் சோதித்தேன். அதிலிருந்து எதுவும் வெளியே போக முடியாது என்று நானே பச்சை ஸ்டிக்கர் ஒட்டினேன். என் வீட்டுக்காரர் சிரித்தார், அந்தச் சிரிப்பை மட்டும் மன்னித்தேன்.

கொளத்தூர்க்காரர் கடைசியாக ஒன்று சொன்னார். “மருந்து எதுவும் ஊத்திடாதீங்க. முக்கியமா செம்பு கலந்த மருந்து. மீனுக்கு அது வைத்தியம், இதுக்கு எமன்.”

“நான் மருந்தே ஊத்தமாட்டேன்” என்றேன். ஊற்றவும் இல்லை.

கிடைத்தால் சொல்லுங்கள் என்று நம்பர் கொடுத்துவைத்திருந்த கோவளத்து மீன்காரர் போன் செய்தபோது தொட்டி ரெடியாகி மூன்று வாரம் ஆகியிருந்தது. “யக்கா, உம் பேயி வந்துச்சி. கூண்டுல மாட்டிக்கினு கீது, காயமில்ல. ஜல்தியா வா.” பக்கெட்டில் மூடி போட்டு, பேட்டரியில் ஓடும் காற்று மோட்டார் வைத்துக் கொண்டுவந்தோம். ஒரு மணி நேரம் குவளை குவளையாகத் தொட்டித் தண்ணீரை அந்தப் பக்கெட்டில் கலந்தேன். பிறகு பக்கெட்டைச் சாய்த்தேன். அது நேராக நான் போட்டுவைத்திருந்த மண்கலயத்துக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. வெளியே ஒரு கண் மட்டும் தெரிந்தது. அதன் கருமணி, படுக்கை வாட்டில் ஒரு கோடு. ஆட்டின் கண் மாதிரி இருந்தது.

முதல் மூன்று நாள் அந்தக் கண் மட்டும்தான். நான்காம் நாள் ஒரு இறாலைக் குச்சியில் நீட்டினேன். கை ஒன்று வந்து இறாலை எடுத்துக்கொண்டது. ஐந்தாம் நாள் இறாலையும் குச்சியையும் எடுத்துக்கொண்டது. குச்சியைத் திரும்ப வாங்க எனக்குப் பத்து நிமிஷம் ஆயிற்று. ஒரு வாரத்தில் நான் அறைக்குள் நுழைந்தால் கண்ணாடிப் பக்கம் வரும். என் வீட்டுக்காரர் நுழைந்தால் கலயத்துக்குள் போய்விடும். சில சமயம் அவர் மூடியைத் திறந்தால் முகத்தில் தண்ணீரைப் பீய்ச்சும். “உன்னாட்டமே கீது” என்று முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னார்.

அது என்னை அடையாளம் கண்டுகொண்டதா, அல்லது இறால் வருகிற திசையைக் கண்டுகொண்டதா? இந்தக் கேள்வியோடுதான் நான் தினமும் பஸ் ஏறினேன். சோதனை செய்தேன். அவருடைய சட்டையைப் போட்டுக்கொண்டு போனேன், என்னிடம் வந்தது. இறாலை அவரிடம் கொடுத்து அனுப்பினேன், இறாலை வாங்கிக்கொண்டு பீய்ச்சியது. எங்கள் கம்பெனியில் குழாய் முனையை மூட பிளாஸ்டிக் மூடிகள் உண்டு, சின்னதும் பெரியதுமாக. கழித்துப் போட்டவற்றில் ஒரு கைப்பிடி கொண்டுவந்து போட்டேன். மறுநாள் பார்த்தால் எல்லா மூடியும் கலயத்தின் வாயில் அடுக்கியிருந்தது. உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டிருக்கிறது! நான் கையைவிட்டு ஒரு மூடியை எடுத்தேன். உள்ளிருந்து ஒரு கை வந்து அதை என் விரலிலிருந்து மெதுவாகப் பிடுங்கி, பழைய இடத்தில் வைத்தது. நான் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். கீழே இருந்து அக்கா, “இன்னாம்மா ஆச்சி?” என்று குரல் கொடுத்தார்.

அக்கா எப்போது அதோடு சமாதானமானார் என்று எனக்குச் சரியாகத் தெரியாது. ஒரு நாள் வேலை முடிந்து வந்தபோது, மாடி அறையில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து, “துணி காயப்போட வந்தேன்” என்றார். கையில் துணி இல்லை. அடுத்த வாரம் ஒரு சின்ன பிளாஸ்டிக் டப்பாவில் ஏரிக்கரை நண்டு பிடித்துக்கொண்டு வந்தார். “சும்மா செத்த எறாலையே போட்டுக்கினு கீறியே, அதுக்கு வாயி மரத்துப் போவாது?” உயிர் நண்டைப் பார்த்த ஆக்டோபஸ் முழுக்கக் கருஞ்சிவப்பாக மாறி, குடை மாதிரி விரிந்து அதன்மேல் விழுந்தது. அக்கா இரண்டு எட்டு பின்னால் போனார். ஆனால் அறையைவிட்டுப் போகவில்லை. தொடுவதற்கு மட்டும் கடைசிவரை ஒத்துக்கொள்ளவில்லை. “பாக்க அளகாத்தான் கீது. கிட்ட மட்டும் வராத தாயே” என்று அதனிடமே சொல்வார்.

சித்திரை பிறந்தது. அதற்குப் பிறகு எங்கள் மாடி, மாடி அல்ல, தோசைக்கல். தொட்டித் தண்ணீரின் சூடு நாளுக்கு நாள் ஏறியது. ஆக்டோபஸ் வேகமாக மூச்சு வாங்க ஆரம்பித்தது. தலைக்குப் பின்னால் இருக்கும் பை ஊதி ஊதி அடங்கியது. ஃபிரிட்ஜில் தண்ணீர்ப் பாட்டிலை உறையவைத்துத் தொட்டியில் மிதக்கவிட்டேன். நாங்கள் வேலைக்குப் போன நேரத்தில் அது உருகிவிடும். அக்கா மத்தியானத்தில் இரண்டு தடவை மாற்றுவார். அது போதவில்லை. எனக்குப் பயம் வந்துவிட்டது. கடலில் சுகமாக இருந்ததைக் கொண்டுவந்து மாடியில் வேகவைத்துச் சாகடித்துவிட்டேன் என்று ஆகிவிடக்கூடாது. வேறு எதையும் அந்த மாதம் நான் நினைக்கவில்லை.

“கூலிங்தான? அத்த எங்கிட்ட வுடு” என்றார் என் வீட்டுக்காரர்.

அவர் வாழ்க்கையில் அவ்வளவு அக்கறையோடு எதையும் செய்து நான் பார்த்ததில்லை. ஒரு ஆபீஸில் கழித்துப் போட்ட குட்டி ஃபிரிட்ஜைக் கொண்டுவந்தார். புதுச் செம்புக் குழாயை ஸ்பிரிங் மாதிரி சுருட்டினார். அதைத் தண்ணீர் நிரப்பிய ஒரு டப்பாவுக்குள் இறக்கி, டப்பாவை ஃபிரிட்ஜுக்குள் வைத்தார். தொட்டித் தண்ணீர் மோட்டாரில் ஏறி, அந்தச் சுருளுக்குள் ஓடி, குளிர்ந்து, தொட்டிக்கே திரும்பும். அவர் பார்த்த ஃபிரிட்ஜுகளில், ஏசிகளில் எல்லாம் சூட்டைக் கடத்துகிற வேலையைச் செம்புதான் செய்தது. வேறு உலோகம் அவர் யோசனையிலேயே வராது.

எனக்கும் வரவில்லை. எங்கள் வீட்டில் குடிக்கிற தண்ணீரே செம்புக் குடத்தில்தான். உடம்புக்கு நல்லது என்று கம்பெனியில் ஆயுதபூஜைக்கு எல்லோருக்கும் செம்பு பாட்டில் கொடுத்தார்கள். போதாததற்கு, ஆக்டோபஸின் ரத்தம் நீல நிறம், அதில் ஓடுவதே செம்பு என்று போனில் படித்திருந்தேன். அதை அவரிடம் சொன்னேன். “அப்பறம் இன்னா, சொந்தக்காரன் வூட்டுக்குப் போன மாரி” என்றார். இரண்டு பேரும் சிரித்தோம். இணைப்புகளை எல்லாம் நானே சோப்புத் தண்ணீர் தடவிப் பார்த்தேன். ஒரு குமிழி வரவில்லை.

சுவிட்சைப் போட்ட அன்று சாயங்காலத்துக்குள் தண்ணீர் கோவளத்துத் தண்ணீர் மாதிரி குளிர்ந்துவிட்டது. ஆக்டோபஸ் வெளியே வந்து கண்ணாடி முழுக்க ஒரு சுற்று சுற்றியது. அவர் அதைப் பார்த்துக்கொண்டே டீ குடித்தார். அன்று அது அவர்மேல் பீய்ச்சவில்லை.

மறுநாள் நண்டை எடுக்கவில்லை. வயிறு நிறைந்திருக்கும் என்று விட்டுவிட்டேன். அதற்கு அடுத்த நாள் கலயத்துக்குள் போகாமல் தரையிலேயே கிடந்தது. கைகளின் நுனி சுருண்டு சுருண்டு விரிந்தது. உடம்பு வெளுத்திருந்தது. அதன் வெள்ளையை நான் முன்பும் பார்த்திருக்கிறேன், பயந்தால் ஒரு நொடி வெளுக்கும், உடனே நிறம் திரும்பிவிடும். இது திரும்பவில்லை. சோதனைக் குப்பியில் எல்லாம் சரியாக இருந்தது. சூடு சரி, உப்பு சரி. கொளத்தூர்க் கடைக்காரர் போனை எடுக்கவில்லை. மூன்றாம் நாள் காலை நான் விரலை நீட்டினேன். ஒரு கை வந்து தொட்டது, ஆனால் பிடிக்கவில்லை. கிண்ணங்கள் ஒட்டவில்லை. நான் அழுதுகொண்டே பஸ் ஏறினேன். வெட்கமாக இருந்தது, ஆனாலும் அழுதேன்.

அன்று பதினோரு மணி இருக்கும். எங்கள் லைனுக்குப் பக்கத்தில் சால்ட் ஸ்ப்ரே பெட்டி இருக்கிறது. பற்றவைத்த குழாய்களை அதற்குள் வைத்து, உப்புத் தண்ணீரைப் பனி மாதிரி நாள் கணக்கில் தெளிப்பார்கள். கடற்கரை ஊரில் மாட்டினால் எவ்வளவு நாளில் அரிக்கும் என்று பார்க்கிற டெஸ்ட் அது. வாரா வாரம் நடக்கும். அந்தப் பெட்டியைத் திறந்து தட்டை வெளியே எடுத்து வைத்தார்கள். உள்ளே போகும்போது ரோஜா நிறத்தில் பளபளத்த செம்பு கறுத்துப்போய், மூலைகளில் பச்சை பூத்திருந்தது. தட்டின் அடியில் கொஞ்சம் தண்ணீர் தேங்கியிருந்தது. அந்தத் தண்ணீரும் பச்சையாக இருந்தது.

நான் கையிலிருந்த குழாயைக் கீழே போட்டேன்.

அந்தப் பெட்டி வந்த நாளிலிருந்து, ஏழெட்டு வருஷமாக அந்தத் தட்டைத் தாண்டித்தான் தண்ணீர் குடிக்கப் போகிறேன். உப்புத் தண்ணீர் செம்பை என்ன செய்யும் என்று ஒரகடத்திலேயே என்னைவிட அதிகமாகப் பார்த்தவர் யாராவது இருப்பாரா என்பது சந்தேகம். அந்தச் செம்பைத்தான் நானே சோப்புத் தடவிச் சரிபார்த்து, ராவும் பகலும் ஆக்டோபஸின் வீட்டுக்குள் ஓடவிட்டிருக்கிறேன். செம்பு கலந்த மருந்து ஊற்றாதே என்றார் கொளத்தூர்க்காரர். சொட்டுக்கூட ஊற்றவில்லை, குழாய் போட்டு இறக்கினேன்.

ஷாப் ஃப்ளோரில் போன் கூடாது. சூப்பர்வைசரிடம் “வூட்ல சாவக் கெடக்குது சார்” என்றேன். யார் என்று அவர் கேட்கவில்லை, அவர் பயந்துபோய்த் தலையாட்டினார். லாக்கருக்கு ஓடினேன். வீட்டுக்காரருக்கு நான்கு முறை அடித்தேன். ஏதோ கம்பெனி மொட்டைமாடியில் ஏசி யூனிட்டோடு நின்றிருப்பார், எடுக்கவில்லை. பிறகு அக்காவுக்கு அடித்தேன்.

“அக்கா, மேல போங்க. கூலிங் மோட்டார் சுச்ச அணைங்க.”

அக்கா ஏன் என்று கேட்காமல் ஏறினார். மூச்சு வாங்குவது கேட்டது. “அணச்சிட்டேன்.”

“அந்த மூலையில ரெண்டு கேன்ல கடல் தண்ணி கீது. சுத்தமான பக்கெட்ல ஒரு கேன ஊத்துங்க. பக்கத்துல பேட்டரி மோட்டார் கீது பாருங்க, அத்த அதுல போடுங்க.”

“போட்டேன். தண்ணிக்கு இன்னாம்மா ஆச்சி?”

“தண்ணியில விஷம்க்கா. அத உடனே பக்கெட்டுக்கு மாத்தணும்.”

“வல எங்க வெச்சிருக்க?”

“வலையில வந்தா அதோட கையி மாட்டிக்கும்க்கா. நீங்க கையாலதான் தூக்கணும்.”

 பேட்டரி மோட்டாரின் கொரகொரப்பு மட்டும் கேட்டது. நான் “அக்கா, அக்கா” என்றேன். போனை எங்கோ வைத்த சத்தம். கிளிப்புகளைக் கழற்றுகிற சத்தம், ஒன்று, இரண்டு, மூன்று, எட்டு. பிறகு தண்ணீர் அலம்புகிற சத்தம். அக்கா ஒரு தடவை கத்தினார். மாரியாத்தாளைக் கூப்பிட்டார். பிறகு தூரத்திலிருந்து குரல் வந்தது.

“தூக்கிட்டேன்மா! பக்கெட்ல கீது! ஆனா என் கைய வுடமாட்டேங்குது!”

“பிடிச்சிருக்கா? கெட்டியா பிடிச்சிருக்கா?”

“லேசாத்தான்மா பிடிச்சிக்கினு கீது.”

“அப்டியே இருங்க. நான் வந்துட்டேன்.”

கேட்டில் ஒரு ஷேர் ஆட்டோ கிடைத்தது. நான் மாடி ஏறியபோது அக்கா தரையில் உட்கார்ந்து, முழங்கைவரை பக்கெட்டுக்குள் விட்டிருந்தார். புடவை முழுக்க ஈரம். இத்தனை மாதம் கிட்டவே வராதே என்று சொன்னவர், அரை மணி நேரமாக அப்படியே இருந்திருக்கிறார். “சில்லுனு கீதும்மா. பாவம், கொளந்த கையாட்டம் கீது” என்றார். பக்கெட்டுக்குள் அது இன்னும் வெள்ளையாகத்தான் இருந்தது.

என் வீட்டுக்காரர் வந்தபோது நான் அவர்மேல் பாய்ந்தேன். “செம்பு செம்புன்னு எப்பப் பாத்தாலும்! உங்களுக்கு வேற ஒண்ணுமே தெரியாதா?”  அவர் குட்டி ஃபிரிட்ஜைத் திறந்து, குழாயைக் கழற்றி, வெட்டுகிற கருவியால் ஒரு துண்டை அறுத்து உள்ளே பார்த்தார். ஓரத்தில் மெல்லிசாகப் பச்சை. அதைக் கையில் வைத்துக்கொண்டு அவர் நின்ற கோலத்தைப் பார்த்ததும் என் கோபம் போன இடம் தெரியவில்லை. அவருக்குக் கண் கலங்கியிருந்தது. வாரா வாரம் அந்தத் தட்டைப் பார்த்தது நான், அவர் அல்ல. அதை அவரிடம் சொன்னேன். சொல்வது கஷ்டமாக இருந்தது.

“தண்ணிய மாத்திட்டா?” என்றார்.

“மணலு, கலயம், கல்லு எல்லாத்துலயும் ஏறியிருக்கும். மொத்தத்தையும் கொட்டிட்டு மறுபடி தண்ணி பழுக்கணும். ரெண்டு மாசம் ஆவும்.”

“பக்கெட்டுல?”

“இன்னும் ஒரு கேன்தான் கீது. நாளைக்குத் தாங்காது.”

மூன்று பேரும் பக்கெட்டைப் பார்த்தோம். வேறு வழி ஒன்றுதான் இருந்தது, கடல். எனக்கு அது வேண்டாம். இன்னொரு தொட்டி, இன்னொரு கேன், கொளத்தூருக்கு இன்னொரு போன் என்று மனசு எதையாவது பிடித்துக்கொண்டு தொங்கியது. எனக்கு ஆக்டோபஸ் வேண்டும். அது கண்ணாடிக்கு வருவது வேண்டும், மூடியைப் பிடுங்குவது வேண்டும், என்னை அது தெரிந்துவைத்திருக்கிறதா என்ற கேள்விக்கு இன்னும் பாதி பதில் பாக்கி இருந்தது. அக்காதான் எழுந்து மூடியை எடுத்துப் பக்கெட்டை மூடினார்.

“வண்டிய எடுப்பா” என்றார் அவரிடம்.

வேனில் நடு சீட்டில் நான் பக்கெட்டை மடியில் வைத்துக்கொண்டேன். அக்கா பக்கத்தில் உட்கார்ந்து காற்று மோட்டாரைப் பிடித்துக்கொண்டார். வண்டலூர் தாண்டியும் மூடியைத் திறக்க எனக்குத் தைரியம் வரவில்லை. கேளம்பாக்கத்தில் சிக்னல் விழுந்தபோது அக்கா திறந்து பார்த்தார். “மூச்சு வுடுது” என்றார். கோவளத்தில் மீன்காரர் ஆட்களோடு வலையை உலர்த்திக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் சிரிக்க வாயைத் திறந்தவர், பக்கெட்டுக்குள் பார்த்துவிட்டு மூடிக்கொண்டார்.

“மணல்ல வுடாதம்மா, மீனு கொத்திப்புடும். அங்க, கல்லுக்கு இட்டுக்கினு போ” என்று கைகாட்டினார்.

அலையைத் தடுக்கப் போட்ட பாறைகளின் ஓரம், முழங்கால் ஆழத்தில் நான் இறங்கினேன். பக்கெட்டைப் பாறை இடுக்கில் நிறுத்தி, குவளை குவளையாகக் கடலை அதற்குள் ஊற்றினேன். அவசரப்படக் கூடாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பிறகு மெதுவாகச் சாய்த்தேன். அது வெளியே வரவில்லை. நான் கையை உள்ளே விட்டேன். வெள்ளையாக, கனமே இல்லாமல், அது என் உள்ளங்கையில் ஏறியது. கையோடு தண்ணீருக்குள் இறக்கினேன். இரண்டு கைகள் என் மணிக்கட்டைச் சுற்றின. சுற்றியதை எடுக்க எனக்கு மனசு வரவில்லை.

மூன்றாவது கை நீண்டு பாறையைத் தொட்டது. தொட்டது, விட்டது, மறுபடி தொட்டது. அப்போது அந்தக் கையின் நுனியில் பழுப்பு ஏறுவதைப் பார்த்தேன். நுனியில் தொடங்கி, கை முழுக்கப் பரவி, உடம்பில் திட்டுத் திட்டாக வந்தது. மணிக்கட்டில் இருந்த கிண்ணங்கள் ஒட்டின, நன்றாக, வலிக்கிற மாதிரி ஒட்டின.  பிறகு ஒவ்வொன்றாக விட்டன. ஒரு அலை வந்து போனது. பாறை மட்டும் இருந்தது.

கரையிலிருந்து அக்கா கத்தினார். “எங்கம்மா? எங்க கீது?”

“இங்கதாங்க்கா” என்றேன். ஆனால் எனக்கே தெரியவில்லை. பாறையில் பாசி, சிப்பி, பழுப்புத் திட்டு என்று எல்லாம் இருந்தன. அதில் எது அது என்று என்னால் சொல்ல முடியவில்லை.

நான் கையை எடுக்காமல் தண்ணீருக்குள்ளேயே வைத்துக்கொண்டு நின்றேன். என் வீட்டுக்காரர் பின்னால் வந்து நின்றார். இரண்டு மூன்று அலை போயிருக்கும். எதுவும் வந்து என் விரலைப் பிடிக்கவில்லை. பிடிக்க வேண்டும் என்று முதலில் நினைத்தேன். பிறகு, பிடிக்க வேண்டாம், அப்படியே போய்விடு என்று வேண்டிக்கொண்டு கையை எடுத்தேன்.